பழைய எஃகு ஃபிரேமுக்கு எல்லா பிரேக்கும் பொருந்தாது

1970களின் 27 அங்குலச் சக்கர எஃகு சைக்கிளில் 700சி எனப்படும் சற்றே சிறிய அளவுச் சக்கரத்தை மாட்டிவிட்டால், இன்றைய இரட்டை அச்சு கேலிப்பர் பிரேக் (இரு அச்சுகளில் திரும்பும் கைகளால் ரிம்மை இருபுறமும் கவ்வும் பிரேக்) எதுவானாலும் நேராகப் பொருந்தும் என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. அதை நம்பிப் பொருத்தினால் பிரேக் கட்டை ரிம்மைத் தொடாமல் டயரில் உரசக்கூடும்.

27 அங்குல ரிம்மில் டயர் அமரும் விட்டம் 630 மி.மீ., 700சி-யில் 622 மி.மீ. ஆகவே பிரேக் கட்டை முன்பைவிட 4 மி.மீ. கீழே எட்ட வேண்டும். இன்றைய பந்தய சைக்கிள் கேலிப்பர் பிரேக்குகள் பெரும்பாலும் 39 முதல் 49 மி.மீ. வரைதான் எட்டும், பழைய ஃபிரேம்கள் பலவற்றுக்கு 47–57 மி.மீ. வகையோ, அதைவிட நீண்ட 55–73 மி.மீ. வகையோ தேவைப்படும். வாங்கும் முன், புதிய சக்கரத்தை மாட்டி, பிரேக் போல்ட் துளையின் மையத்திலிருந்து ரிம்மின் பக்கச்சுவர் நடுப்பகுதி வரை முன்னும் பின்னும் தனித்தனியே அளந்துகொள்ளுங்கள்.

போல்ட்டும் வேறுபடும். பழைய ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில்) துளை இருபுறமும் ஏறத்தாழ 6 மி.மீ.; புதிய பிரேக்கின் உள்ளமை நட்டுக்கு (துளைக்குள்ளேயே அமரும் நட்டுக்கு) 8 மி.மீ. வேண்டும். ஃபோர்க்கின் பின்புறத் துளையை மட்டுமே பெரிதாக்க வேண்டும், முன்புறத்தைத் தொடவே கூடாது.

உங்கள் சைக்கிளில் இருப்பது குரோம் பூசிய எஃகு ரிம் என்றால், மழையில் அதன் பிடிப்பு மிகவும் மோசம். அலுமினிய ரிம்முக்கு மாறுவதே, எந்தக் கேலிப்பரை மாற்றுவதையும்விடப் பெரிய முன்னேற்றம் என்பது என் உறுதியான கருத்து.