சேர்ந்து வேண்டிக்கலாம், ஆனா யார் வாயிலயும் வார்த்தையைத் திணிக்காதீங்க

வேற வேற மதத்துக்காரங்க ஒண்ணா உக்காந்து வேண்டிக்க முடியுமான்னு கேட்டா, தாராளமா முடியும்ங்கிறதுதான் என் பதில். ஆனா சேர்ந்து வேண்டிக்கிறதுன்னா எல்லாரும் ஒரே பாட்டை ஒரே குரல்ல சொல்றதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம் பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்துவரல. டெல்லியில எங்க மயூர் விஹார்ல சமீபத்துல நடந்த ஒரு பேச்சுக்கு அப்புறம் இதை எழுதியே ஆகணும்னு இருக்கு. நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

நாகப்பட்டினம் பக்கத்துலேர்ந்து ஒரு குடும்பம், சின்னப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய், எய்ம்ஸ்ல வைத்தியம் பாக்க வந்திருக்காங்க. ஊர்லேர்ந்து எய்ம்ஸுக்கு வர்றவங்க படுற பாடு டெல்லித் தமிழங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, கௌதம் நகர்ல ஒரு ரூம் எடுத்துக்கிட்டு, இந்தி ஒரு வார்த்தை தெரியாம, விடியறதுக்கு முன்னாடியே லைன்ல நின்னுக்கிட்டு. நம்மாளுங்க சாப்பாடு கொண்டு போறது, ரத்தம் குடுக்கிறது, டாக்டர் சொல்றதைத் தமிழ்ல எடுத்துச் சொல்றதுன்னு ஆளாளுக்கு ஒரு வேலையப் பாத்துக்கிட்டு இருக்கோம். அந்தத் தாய் ஒரு நாள், "எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க, எல்லாரும் ஒண்ணா உக்காந்து எம்புள்ளைக்காக ஒரு தடவ வேண்டிக்கிடுங்க"ன்னு கேட்டுச்சு. பெத்தவ கேக்கும்போது யார் மாட்டேன்னு சொல்லுவா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் வீட்டு ஹால்ல கூடுறதுன்னு முடிவாச்சு.

எங்க கூட்டத்துல எல்லாரும் உண்டு. லெதர் வியாபாரம் பண்ற வாணியம்பாடி பாய், நர்ஸா இருந்து ரிட்டயரான நாசரேத் அக்கா, மலை மந்திர் முருகன் கோயில்ல ஒரு கிருத்திகை விடாத மாமா, சாமியே இல்லன்னு சொல்ற பெரியார் கட்சித் தம்பி ஒருத்தர். மாமா நல்ல மனசோடதான் சொன்னாரு, முருகன் கவசத்தை எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வர்றேன், எல்லாரும் சேர்ந்து படிச்சிருவோம், தெய்வம் ஒண்ணுதானேன்னு. பாய் மெதுவா, "நான் கண்டிப்பா வர்றேன் சார், உக்காருறேன், புள்ளைக்காக துஆ கேக்குறேன், ஆனா அதை என்னால படிக்க முடியாது, தப்பா நெனச்சுக்காதீங்க"ன்னாரு. அக்காவும், "நான் யேசு நாமத்துலதான் கேப்பேன், அந்த நாமத்தை விட்டுட்டு கேளுன்னா எனக்கு ஜெபமே வராது"ன்னாங்க. அதுக்கு ஒரு பையன் பட்டுன்னு, ஒரு குழந்தை உயிருக்குப் போராடுற நேரத்துல இதெல்லாம் மதவெறி இல்லையான்னு கேட்டுட்டான். ரெண்டு பேர் மொகமும் சுருங்கிப் போச்சு.

அது மதவெறி இல்ல. ஒருத்தர் கடவுள்கிட்ட பேசும்போது பொய் சொல்ல மாட்டேன்னு சொல்றாரு, அவ்வளவுதான். தான் நம்பாத வார்த்தையை மத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு வாயால மட்டும் சொல்றது சபை மரியாதை வேணா ஆகலாம், பிரார்த்தனை எப்படி ஆகும்? அந்தக் குழந்தைக்காக உண்மையா வேண்டிக்கணும்னா அவங்கவங்க எதை உண்மைன்னு நம்புறாங்களோ அதுலேர்ந்துதானே வேண்ட முடியும்.

"தெய்வம் ஒண்ணுதானே"ன்னு நாம சுலபமா சொல்லிடுறோம். நானும் அப்படி நம்புறவதான், எங்க வீட்டுல வேளாங்கண்ணிக்கும் போவோம் நாகூருக்கும் போவோம். ஆனா அதுவும் ஒரு நம்பிக்கைதான்ங்கிறதை ஒத்துக்கணும். எல்லா வழியும் ஒரே இடத்துக்குத்தான் போகுதுன்னு நம்புற எனக்கு எந்த வாசல்லயும் கும்பிடுறது கஷ்டமில்ல. ஒரே வழிதான்னு நம்புறவரை, என் நம்பிக்கைக்கு மாறிட்டு வந்து என் பக்கத்துல உக்காருன்னு சொன்னா அது எப்படி பொதுவான இடமாகும்?

வடலூரையே எடுத்துக்கங்க. சாதி சமயம் பாக்காம ஜோதி வழிபாட்டுக்காக வள்ளலார் 1872ல சத்திய ஞான சபையைத் திறந்தாரு. அங்கயும் கொலை புலை தவிர்த்தவங்க, அதாவது உயிரைக் கொல்லாம, மாமிசம் சாப்பிடாம இருக்கிறவங்க மட்டும்தான் உள்ள போகலாம்னு ஒரு விதி உண்டு. அதைக் குறையா சொல்லல. எந்த வழிபாட்டுக்கும் ஒரு வடிவம் இருக்கு, வடிவம் இருந்தா எல்லையும் இருக்கும். எல்லையே இல்லாத ஒரு பிரார்த்தனையை நாம எழுதி எல்லாருக்கும் ஜெராக்ஸ் குடுத்துடலாம்னு நெனைக்கிறது நடக்காத காரியம்.

நாகூர் தர்காவுல நான் சின்ன வயசுலேர்ந்து பாத்தது வேற மாதிரி. அங்க இருக்கிற பெரிய மினாராவைக் கட்டிக் குடுத்தது தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங். கந்தூரித் திருவிழாவுக்கு எங்க தெருவே கெளம்பிப் போகும், மொட்டை போடுவாங்க, சந்தனம் வாங்கி நெத்தியில வெச்சுப்பாங்க. ஃபாத்திஹா ஓதுறவங்க ஓதுவாங்க, எங்க பாட்டி பக்கத்துல நின்னு கைகூப்பி "ஆண்டவரே, எம்பேரனுக்கு ஒரு வேலைய குடு"ன்னு தன் பாஷையில கேக்கும். யாரும் பாட்டியை ஓதச் சொன்னதில்ல, பாட்டியும் யாரையும் நிறுத்தச் சொன்னதில்ல.

டெல்லியிலயே இருக்கே. பங்களா சாஹிப் குருத்வாராவுல தலையை மூடிக்கிட்டு, செருப்பைக் கழட்டிட்டு யார் வேணா போய் உக்காரலாம். அர்தாஸ்னு சொல்ற அவங்க பிரார்த்தனை நேரத்துல எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க, நாமளும் நிக்கிறோம், கடைசியில உலகத்துல எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும்னு கேக்குறாங்க, நம்ம உதடு அசையுதா இல்லையான்னு யாரும் திரும்பிப் பாக்குறதில்ல. அதுக்குப் பக்கத்துலயே சேக்ரட் ஹார்ட் கதீட்ரல், கிறிஸ்துமஸுக்கு மெழுகுவத்தி ஏத்த வர்ற கூட்டத்துல பாதிக்கு மேல கிறிஸ்தவங்க இல்லன்னுதான் எனக்குப் படுது. ஆனா பூசையில நற்கருணை கத்தோலிக்கங்களுக்கு மட்டும்தான். அதனால மெழுகுவத்தி ஏத்துன யாரும் அவமானப்பட்டு திரும்பினதா நான் பாக்கல. கால்காஜி பக்கம் லோட்டஸ் டெம்பிள், 1986ல திறந்தது, பஹாய் மதத்துக்காரங்க கட்டினது, எந்த மதத்து வேதத்தையும் அங்க படிக்கலாம், பிரசங்கம் கெடையாது, சடங்கு கெடையாது, மத்த நேரமெல்லாம் அமைதியா உக்காந்துட்டு வரலாம்.

இந்த விஷயத்துல நான் ரொம்ப யோசிச்சது காந்தியைப் பத்தி. நம்மள்ல பல பேர் மந்திர் மார்க் வழியா போயிட்டு வந்துட்டுதான் இருக்கோம், அங்க இருக்கிற வால்மீகி மந்திர்லதான் அவர் 1946, 47ல பல மாசம் தங்கியிருந்தாரு. தினமும் சாயங்காலம் பொதுப் பிரார்த்தனை. கீதை, குர்ஆன், பார்சிக்காரங்க பிரார்த்தனை, ஜப்பான் பௌத்தர்கள் சொல்ற மந்திரம், ராம நாமம் எல்லாம் வரும். 1947 ஏப்ரல் ஆரம்பத்துல, பஞ்சாப் பத்திக்கிட்டு எரியுற நேரம், கூட்டத்துலேர்ந்து ஒருத்தர் எழுந்து கோயில்ல குர்ஆன் ஓதக் கூடாதுன்னு எதிர்ப்பு சொன்னாரு. மத்தவங்க அப்படிச் சொன்னவரை வெளிய தள்ளப் பாத்தாங்க. காந்தி தள்ள விடல. அன்னிக்குப் பிரார்த்தனையையே நிறுத்திட்டாரு. அடுத்தடுத்த நாளும் எதிர்ப்பு வந்துச்சு, மறுபடியும் நிறுத்தினாரு.

கவனிச்சுப் பாருங்க, அவருக்கு ரெண்டு சுலபமான வழி இருந்துச்சு. எதிர்க்கிறவங்களை வெளியேத்திட்டு நடத்தியிருக்கலாம், பெரும்பான்மை அவர் பக்கம்தான். இல்ல, குர்ஆன் வரிகளை மட்டும் விட்டுட்டு மத்ததைச் சொல்லியிருக்கலாம். ரெண்டையும் பண்ணல. ஒருத்தர் வாயை அடைச்சிட்டு நடத்துறதும் பிரார்த்தனை இல்ல, ஒருத்தர் வேதத்தை வெட்டிட்டு நடத்துறதும் பிரார்த்தனை இல்லன்னுதான் நான் அதைப் புரிஞ்சிக்கிறேன். அப்புறம் பிர்லா ஹவுஸுக்கு மாறியும் அதே பிரார்த்தனைதான், 1948 ஜனவரி 30 அன்னிக்கு அந்தப் பிரார்த்தனைக்கு நடந்து போறப்பதான் சுட்டாங்க. அதை நெனச்சா இப்பவும் தொண்டை அடைக்குது.

இன்னிக்கு காந்தி நினைவிடமான ராஜ்காட்ல அக்டோபர் 2க்கும் ஜனவரி 30க்கும் நடக்கிற சர்வ தர்ம பிரார்த்தனையில ஒவ்வொரு மதத்துக்காரங்களும் வரிசையா அவங்கவங்க வேதத்தைப் படிக்கிறாங்க, மத்தவங்க கேட்டுட்டு உக்காந்திருக்காங்க. 1986 அக்டோபர்ல இத்தாலியில அசிசி நகரத்துல போப் இரண்டாம் ஜான் பால் கூப்பிட்டப்பவும் இதே மாதிரிதான், தலாய் லாமா உட்பட பல மதத் தலைவர்கள் வந்தாங்க, தனித்தனி இடத்துல வேண்டிக்கிட்டாங்க, அப்புறம் ஒரே இடத்துல கூடி ஒவ்வொருத்தரா அவங்க முறையில பிரார்த்தனை பண்ணாங்க. அதுக்கே திருச்சபைக்குள்ள எதிர்ப்பு வந்துச்சு.

பெரியவங்க விஷயம் கூட பரவால்ல, பிடிக்கலன்னா எழுந்து போயிடலாம். பள்ளிக்கூடத்துல குழந்தை எங்க போகும்? அரசு உதவியோட நடக்குற பள்ளிக்கூடத்துல வழிபாட்டுல கலந்துக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, குழந்தையா இருந்தா பெத்தவங்க சம்மதம் வேணும்னு அரசியல் சட்டம் 28வது பிரிவுல தெளிவா இருக்கு. கேரளாவுல மூணு குழந்தைங்க, யெகோவா சாட்சிகள்ங்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவங்க, தேசிய கீதத்துக்கு மரியாதையா எழுந்து நின்னாங்க ஆனா பாடல, பள்ளிக்கூடத்துலேர்ந்து வெளியேத்துனாங்க, 1986ல சுப்ரீம் கோர்ட் அதைத் தப்புன்னு சொல்லி திரும்பச் சேக்க வெச்சுது. கேந்திரிய வித்யாலயா அசெம்ப்ளியில சொல்ற சமஸ்கிருத பிரார்த்தனையைப் பத்தி ஒரு வழக்கு போய் அதை 2019ல பெரிய பெஞ்சுக்கு அனுப்பினாங்க. அந்தப் பிரார்த்தனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அர்த்தம் அவ்வளவு அழகு. ஆனா எனக்குப் பிடிச்சதை நூறு பேர் நடுவுல ஒரு குழந்தை சொல்லாம நின்னா, அது சும்மா நிக்க முடியணும். டீச்சர் முறைக்கக் கூடாது, பக்கத்துப் பசங்க கிண்டல் பண்ணக் கூடாது. எந்தப் பொதுப் பிரார்த்தனையையும் நான் இப்படித்தான் அளக்குறேன். அங்க வாய் திறக்காம இருக்கிறவருக்கு என்ன நடக்குதுன்னு பாப்பேன்.

அந்த ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுன்னு சொல்லிடுறேன். ஜெராக்ஸ் கெடையாதுன்னு மாமாவே ஒத்துக்கிட்டாரு. முதல்ல எல்லாரும் பேசாம உக்காந்தோம். மாமாவும் தெரிஞ்சவங்களும் கவசம் படிச்சாங்க, அப்புறம் அக்கா அந்தப் பையன் பேரைச் சொல்லி யேசு நாமத்துல ஜெபம் பண்ணாங்க, பாய் கையேந்தி துஆ கேட்டாரு, சில பேர் ஆமீன் சொன்னாங்க, சில பேர் சொல்லல. மஃரிப் நேரம் ஆனதும் அவருக்கு உள்ரூம்ல ஜமுக்காளம் விரிச்சுக் குடுத்தாங்க, தொழுதுட்டு வந்தாரு. பெரியார் கட்சித் தம்பி முழுசா உக்காந்திருந்தாரு, எதுவும் வேண்டல, முடிஞ்சதும் நோட்டை எடுத்து யார் யார் எந்த நாள்ல பிளேட்லெட் குடுக்க வர முடியும்னு எழுத ஆரம்பிச்சாரு. அந்தத் தாய் எல்லாத்துக்கும் அழுதுச்சு. பையனுக்கு கீமோ போயிக்கிட்டு இருக்கு.

இப்ப நான் கேக்குறது ஒண்ணுதான். பொங்கல் விழாவுக்கு நம்ம ஏரியா சங்கத்துல எப்பவும் ஒரு பக்திப் பாட்டைப் போட்டு எல்லாரும் சேர்ந்து பாடுங்கன்னு மைக்ல சொல்றோம், பாய் குடும்பமும் அக்கா குடும்பமும் வருஷா வருஷம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. இந்த வருஷம் தமிழ்த்தாய் வாழ்த்தை எல்லாரும் சேர்ந்து பாடுவோம், அதுக்கப்புறம் ஒரு நிமிஷம் அமைதி, பாட்டு பாடணும்ங்கிறவங்க மேடையேறி அவங்கவங்க பாட்டைப் பாடட்டும். கமிட்டியில இருக்கிறவங்க இதைப் படிச்சா அடுத்த மீட்டிங்ல எடுத்துப் பேசுங்க, நானும் வர்றேன்.