கண்மாயின் உள்வாயை விட்டுவையுங்கள்

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் கருவால் மூக்கன் வந்திருக்கிறது என்று நண்பர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே மதுரையிலிருந்து கிளம்பிவிட்டோம். கோடியக்கரைக்கோ கூந்தன்குளத்துக்கோ போனால் பார்க்கக்கூடிய பறவைதான், நம் வட்டாரத்தில் எப்போதாவதுதான் கண்ணில் படும். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. கேமராவோடு இருபது பேர் கரையிலிருந்து இறங்கினால் மறுநாள் அது அங்கே இருக்காது.

பார்த்தோம். பொரி உள்ளான்களுக்கும் பவளக்கால் உள்ளான்களுக்கும் நடுவில் நான்கு நின்றன. ஒரு முழத்துக்குச் சற்றே குறைந்த நீளம், உயரமான கால்கள், நேரான நீண்ட அலகு. அலகின் அடிப்பக்கம் இளஞ்சிவப்பு, நுனி கறுப்பு. தலை நனைய நனைய அலகைச் சேற்றுக்குள் செருகி எடுத்துக்கொண்டே இருந்தன. சேற்றுக்குள் எதுவும் தெரியாது. அலகு நுனியின் தொடு உணர்ச்சியை வைத்தே இரையைக் கண்டுபிடிக்கின்றன. ஒரு நாய் குரைத்ததும் எழும்பின. இறக்கையில் வெள்ளைப் பட்டை, வாலடியில் வெள்ளை, கறுத்த வால். அப்படியொரு அழகு! ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை ஈரப் புல்வெளிகளில் முட்டையிடும் இனம், குளிர்காலத்துக்கு நம் ஊர்ச் சேற்றை நம்பி வருகிறது. உலக அளவில் அதன் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "தண்ணி வத்த வத்தத்தான் தம்பி இதுக வரும். தளும்பி நின்னா ஒன்னும் அண்டாது" என்றார்.

நம் கண்மாய்களின் அமைப்பே அப்படித்தான். ஒரு பக்கம் கரை, பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடை, உபரி நீர் வழியும் கலுங்கு, அங்கே ஆழம். எதிர்ப்பக்கம் உள்வாய், அங்கே நிலம் மெல்ல மெல்ல ஏறும். மழை நின்று, பாசனத்துக்குத் தண்ணீர் போகப் போக, உள்வாயில் தினமும் கொஞ்சம் சேறு புதிதாக வெளியே வரும். கொசு உள்ளானுக்கு ஈரச் சேறு போதும். பொரி உள்ளானுக்குக் கால் நனையும் தண்ணீர், கருவால் மூக்கனுக்கு இன்னும் கொஞ்சம் ஆழம். அந்தச் சரிவு இருக்கும் வரை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு.

இப்போது பல இடங்களில் மராமத்து என்ற பெயரில் என்ன நடக்கிறது? பொக்லைன் விட்டு நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டுகிறார்கள். சுற்றிலும் கல் பதித்து நடைபாதை போடுகிறார்கள். தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை. மடைப் பக்கம் வண்டல் அள்ளத்தான் வேண்டும், வயலுக்குத் தண்ணீர் வேண்டும். உள்வாயை ஏன் வெட்ட வேண்டும்? தண்ணீர் இல்லாத மாதங்களில் அது சும்மா கிடக்கும் நிலமாகத் தெரிகிறது. ஆக்கிரமிப்பும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம்மவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி, பக்கத்து சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில், டங்ஸ்டன் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து ஊரே திரண்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்தது.

ஜனவரி 26 கிராம சபையில், உங்கள் ஊர்க் கண்மாயில் செய்யப்போகும் வேலையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்வாயில் வெட்டு இருந்தால் அதை நீக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். அதற்கு முன்பு ஒரு நாள் காலையில் போய், அங்கே என்னென்ன மேய்கிறது என்று பார்த்து, பறவைகளைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் பதிந்துவிடுங்கள். "இங்க பறவையே வராதே" என்று யாராவது சொன்னால் எடுத்துக் காட்டலாம்.