பீரோவுக்கு அடியிலும் நானா துடைத்தேன்?

காலையில் எங்கள் வீட்டுத் தரைக்குக் கல் பதித்த கொத்தனார் வந்து சொல்லிவிட்டுப் போன பதிலிலிருந்து எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஹாலில் கோட்டா கல்லின் இணைப்பெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்துக் கிடக்கிறது. சில கல் ஏடு ஏடாக உரிகிறது. குனிந்து பார்த்தார், நகத்தால் சுரண்டினார். அப்புறம் எழுந்து, என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்கிறார்: "அண்ணாச்சி, வீட்ல தண்ணியை ஊத்தித் துடைக்காவ போலுக்கு. கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க."

நான் அங்கேதான் நிற்கிறேன். அவருக்குக் கொடுக்க காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

சரி என்று பீரோவை நகர்த்தச் சொன்னேன். குடிவந்த நாளிலிருந்து அசைக்காத பீரோ. நாலு காலும் துருவேறி, கல்லில் நாலு செம்பட்டை வட்டம், சுற்றிலும் ஈரம். இங்கே யார் துடைத்தது என்று கேட்டேன். "காத்தோட்டம் இல்லாம வேர்த்திருக்கும்க்கா" என்றார். விரித்திருந்த பத்தமடைப் பாயைத் தூக்கிக் காட்டினேன். மேலே பளபளப்பு, அடியில் கறுப்பாகப் பூஞ்சணம். "பாய் பழசு போலுக்கு" என்றார். என் அம்மா சீராகக் கொடுத்த பட்டுப்பாய் அது!

முந்தின ராத்திரியே இரண்டடி அளவில் ஒரு பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி வைத்திருந்தேன். காலையில் தாளின் மேல்பக்கம் காய்ந்து கிடக்கிறது, அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். மேலிருந்து ஊற்றிய தண்ணீர் ஒட்டிய தாளுக்குள் எப்படிப் போகும்? கீழேயிருந்து ஓதம் ஏறுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதையும் பார்த்துவிட்டு, "ஏசி போடுதியளா?" என்று கேட்கிறார். எங்கள் ஹாலில் ஏசியே கிடையாது!

கல் பதிக்கும்போதே கேட்டேன், அடியில் பாலிதீன் ஷீட் போட வேண்டாமா என்று. "கல்லைத் தாண்டித் தண்ணி வருமாக்கா? அதான் பேஸ்மட்டத்துல பெல்ட் போட்டாச்சே" என்றார். பெல்ட் என்பது சுவருக்கு அடியில் ஓடும் காங்கிரீட் பட்டை. அது சுவரில் ஏறும் ஓதத்தைத் தடுக்கலாம். ஹாலுக்கு நடுவில் இருப்பது கொட்டி நிரப்பிய மண். அந்த மண்ணின் ஈரத்தை காங்கிரீட்டும் சாந்தும் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மேலே இழுக்கும். தண்ணீரோடு மண்ணிலும் சிமெண்டிலும் உள்ள உப்பும் கரைந்து வரும். மேலே வந்து தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு தங்கிவிடும். கோட்டா சுண்ணாம்புக்கல். அதன் நுண்துளைக்குள் உப்பு கட்டியாகி விரியும்போது கல்லே உரிகிறது. இதைத் தடுக்க, நிரப்பிய மண்ணைக் கெட்டித்து, மணல் பரப்பி, 1000 கேஜ், அதாவது 250 மைக்ரான் (கால் மில்லிமீட்டர்) கனமுள்ள பாலிதீன் ஷீட்டை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, சுவரோரம் மேலே மடித்துவிட்டு, அப்புறம் காங்கிரீட் போட வேண்டும். அவ்வளவுதான். சதுர அடிக்கு ஒரு டீ விலைகூட ஆகாது.

அதுவும் எங்கே வீடு? சேரன்மகாதேவிப் பக்கம், கொல்லைக்குப் பின்னால் வயல். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டால், கார் நெல் பருவமோ பிசான நெல் பருவமோ, நாலு வெட்டு வெட்டினாலே குழியில் தண்ணீர் ஊறும். 2023 டிசம்பரில் தாமிரபரணி எப்படி வந்தது என்று கண்ணால் பார்த்த மனிதர் இவர். இந்த மண்ணில் நின்றுகொண்டு ஷீட் வேண்டாம் என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

கடைசியில் அவர் சொன்ன வைத்தியம்: "மேல சீலர் அடிச்சுருவோம்க்கா, சரியாயிரும்." மேலே அடைத்தால் அடியில் வருகிற ஈரம் நின்றுவிடுமா? ஓரத்துக்கு ஓடிச் சுவரில் ஏறும், அப்புறம் பூச்சு பொரிந்து உதிரும். அதற்குத் தனியாக ஒரு கூலி. கல்லை மொத்தமாகப் பெயர்த்து, காங்கிரீட்டையும் உடைத்து, ஷீட் விரித்து முதலிலிருந்து போடுவதுதான் நியாயமான வழி. அந்தச் செலவை யார் கொடுப்பது என்று கேட்டேன். காப்பியைக் குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்கக்கா" என்று வண்டியை எடுத்துவிட்டார்.

வழியனுப்ப வாசலுக்கு வந்தால் அங்கே இன்னொரு கொடுமை. தெருவில் புது ரோடு போட ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போடப் போகிறார்களாம். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு ரோட்டுக்கும் எங்கள் வாசற்படி ஒன்று உள்ளே போகிறது. வீடு கட்டும்போது மூன்று படி இருந்தது, இப்போது ஒன்றுதான் மிச்சம். இந்த ஐப்பசி மழைக்குத் தெருத் தண்ணீர் நேராக ஹாலுக்குள் வந்தால், அதற்கும் நான் துடைத்ததுதான் காரணம் என்பார்களா?