விளிம்பில் ‘உன்எஹ்ட்’ என்றிருந்தால் பதக்கம் போலியா?

ஆஸ்திரிய-ஹங்கேரிய வீரப் பதக்கத்தின் விளிம்பில் ‘உன்எஹ்ட்’ (ஜெர்மனில் ‘அசலல்ல’) என்று பொறித்திருந்தால் அது போலிப் பதக்கம் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. அந்தச் சொல் உலோகத்தைப் பற்றியது. பதக்கம் தங்கமல்ல என்பதே பொருள். முதல் உலகப் போரில் தங்கம் அருகியதால், தங்க வகுப்புப் பதக்கமே முலாம் பூசிய வெண்கலமாக வழங்கப்பட்டது. சிலவற்றில் ‘ப்ரோன்ஸெ’, அதாவது வெண்கலம், என்றிருக்கும். ஆனால் தனியார் செய்த நகல்களிலும் இதே முத்திரை வரலாம்; ஆகவே அதை மட்டும் வைத்து அசல் என்றும் முடிவுகட்ட முடியாது.

முகத்தையும் பின்புறத்தையும் சேர்த்துப் பாருங்கள். பேரரசர் பிரான்ஸ் யோசப் உருவமென்றால் பின்புறம் ‘டெர் டாப்ஃபர்கைட்’ என்ற ஜெர்மன் வாசகம். அவர் 1916 நவம்பரில் இறந்தபின் வந்த கார்ல் உருவத்துக்கு ‘ஃபோர்டிடூடினி’ என்ற லத்தீன். ஒருவர் முகத்தோடு மற்றவர் வாசகம் இருந்தால் சந்தேகப்படுங்கள். தங்கமும் பெரிய வெள்ளியும் சுமார் 40 மி.மீ. விட்டம், சிறிய வெள்ளியும், 1915-இல் சேர்ந்த வெண்கலமும் சுமார் 31.

தங்கமா என்று பார்க்க உரைகல் வேண்டவே வேண்டாம்: தடித்த முலாமும் தங்கமாகவே காட்டும், தழும்பு மட்டும் மிஞ்சும். ரிப்பனைக் கழற்றி எடை போடுங்கள். பிறகு நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீரில் தொங்கவிட்டு எடை பாருங்கள். முதல் எடையை இரண்டின் வித்தியாசத்தால் வகுத்தால் 9-ஐ ஒட்டி வருவது வெண்கலம், 10-ஐ ஒட்டினால் வெள்ளி, 17-க்கு மேலென்றால் தங்கம். ஒட்டிய காற்றுக்குமிழி விடையைக் குறைத்துவிடும், தட்டி நீக்குங்கள்.