'இல்லை' பக்கம் காசு போட்டவர் அந்த வீரருக்கே வேண்டியவராக இருந்தால்?

ஒரு கூடைப்பந்து ஆட்டம், நான்காவது, அதாவது கடைசி, குவார்ட்டர். அணி 20 பாயிண்ட் முன்னால் இருக்கிறது. 24 பாயிண்ட் எடுத்த வீரரைக் கோச் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். அவர் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு பெஞ்சில் சிரிக்கிறார், அரங்கமே கைதட்டுகிறது. அதே நேரம் யாரோ ஒருவரின் போனில், 'இவர் 25 பாயிண்ட் எடுப்பார்' என்ற கணிப்புச் சந்தை ஒப்பந்தத்தின் விலை 90 சென்ட்டிலிருந்து மளமளவென்று சரிகிறது. அவருடைய கோபமெல்லாம் அந்தக் கோச் மேல்தான்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் கிளீவ்லண்ட் கவாலியர்ஸ் அணியின் கோச்சாக இருந்தபோது ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் 2024 மார்ச்சில் வெளிப்படையாகவே பேசினார். பந்தயம் கட்டுபவர்கள் தன் போன் நம்பரைக் கண்டுபிடித்து, தன் வீட்டையும் பிள்ளைகளையும் சொல்லி மெசேஜ் அனுப்பினார்கள் என்றார்.

கணிப்புச் சந்தை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 'இந்த வீரர் இன்று 8 ரீபவுண்ட் எடுப்பாரா?' என்று ஒரு கேள்வி (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதுதான் ரீபவுண்ட்). 'ஆம்' 60 சென்ட், 'இல்லை' 40 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகச் சொன்னவருக்கு ஒரு டாலர், மற்றவருக்கு ஒன்றுமில்லை. ஆட்டம் நடக்கும்போதே வாங்கலாம், விற்கலாம். அமெரிக்காவில் இந்தச் சந்தைகள் தங்களைச் சூதாட்டம் என்று சொல்லிக்கொள்வதில்லை. முன்பேரச் சந்தைகளைக் கண்காணிக்கும் சிஎஃப்டிசி என்ற மத்திய அமைப்பின் கீழ் வருவதாகச் சொல்கின்றன. கால்ஷி என்ற கணிப்புச் சந்தை நிறுவனம் 2025 ஜனவரியில் விளையாட்டு ஒப்பந்தங்களைத் தொடங்கியதும் அந்த வழியில்தான்.

விஷயம் தெரிந்தவர்கள் காசு போடப் போட விலை உண்மையை நெருங்கும் என்பது ஆதரவாளர்களின் வாதம். மழை விஷயத்தில் நானும் ஒத்துக்கொள்வேன். மழை வரும் என்று காசு போட்டவரால் மழையை வரவழைக்க முடியாது. ஒரு வீரரின் ரீபவுண்ட் அப்படியா? விஷயம் தெரிந்தவரும் அவரே, அதை நடத்திக் காட்டுபவரும் அவரே. ஓர் அணியைத் தோற்கடிக்கப் பல பேர் கூட வேண்டும். எட்டு ரீபவுண்டை இரண்டாக்க, வயிறு சரியில்லை என்று ஒருவர் வெளியே போனால் போதும்.

போயிருக்கிறார். 2024 மார்ச் 20, டொராண்டோ ராப்டர்ஸ் வீரர் ஜோன்டே போர்ட்டர் மூன்று நிமிடம்கூட ஆடாமல், உடம்பு சரியில்லை என்று வெளியேறினார். அவருடைய எண்ணிக்கை குறையும் என்று ஒருவர் 80,000 டாலர் கட்டியிருந்தார். ஜெயித்திருந்தால் 11 லட்சம் டாலர். அந்தப் பந்தயம் முடக்கப்பட்டது. ஏப்ரலில் போர்ட்டருக்கு ஆயுள் தடை. ஜூலையில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சூதாட்டக் கடனிலிருந்து தப்பிக்கத்தான் இதைச் செய்தாராம். எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். என்பிஏ அணிக்கும் அதற்குக் கீழ்நிலை லீக்கான ஜி லீக் அணிக்கும் நடுவே அலைந்த 'டூ-வே' ஒப்பந்தக்காரர் அவர். அவருடைய ரீபவுண்டை யார் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? பந்தயம் கட்டியவர்களுக்கு அதுதானே வசதி!

அதற்குப் பிறகு 2024-25 சீசனில், டூ-வே வீரர்கள் மேலும் 10 நாள் ஒப்பந்த வீரர்கள் மேலும் 'குறைவு' என்று கட்டும் வசதியைப் பந்தய நிறுவனங்கள் எடுத்துவிட்டன. நல்ல ஏற்பாடு. ஆனால் கணிப்புச் சந்தையில் இது நடக்கவே நடக்காது. பந்தய நிறுவனம் ஒரு பக்கத்தை மூடிவிட்டு மறுபக்கத்தை மட்டும் விற்கலாம். சந்தையில் ஒருவர் கையில் 'ஆம்' இருந்தால் எதிரில் ஒருவர் கையில் 'இல்லை' இருந்தே ஆக வேண்டும். அந்த 'இல்லை'தான் பழைய 'குறைவு'. அதை மூடினால் சந்தையே இல்லை.

இத்தனைக்கும் எளிதில் தில்லுமுல்லு செய்யக்கூடிய ஒப்பந்தங்களைப் பட்டியலிடக் கூடாது என்று இந்தச் சந்தைகளுக்கான சட்டத்திலேயே இருக்கிறது. ஒரே ஒரு ஆள் நினைத்தால் மாற்றிவிடக்கூடிய எண்ணிக்கை எப்படி உள்ளே வந்தது? சிஎஃப்டிசி இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எந்த அணி ஜெயிக்கும் என்பதற்குச் சந்தை நடத்துங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. தனி வீரர் கணக்குகளைப் பட்டியலிலிருந்து எடுங்கள். பெஞ்சிலிருந்து ஐந்து நிமிடம் ஆட வரும் பையன்களின் பெயர்களை இந்த சீசனிலேயே எடுங்கள்.