ஹார்லெம் பாவோ தேவாலயம்: ஆர்கனைக் கடைசியில் எடுங்கள்

நெதர்லாந்தில் ஹார்லெம் நகரத்தின் பெரிய தேவாலயத்துக்குள் காலை வைத்ததும் கேமராக்கள் எல்லாம் மேற்குப் பக்கம்தான் திரும்பும். கிறிஸ்டியான் மியுல்லர் 1738-ல் கட்டி முடித்த ஆர்கன் என்ற பெரிய குழல் இசைக்கருவி அங்கே நிற்கிறது. ஐயாயிரத்துக்கும் மேல் குழல்கள், கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரம், சிவப்பும் பொன்னுமாக. 1766-ல் பத்து வயது மொசார்ட் வாசித்தது இதைத்தான். கட்டாயம் எடுக்க வேண்டிய படம். ஆனால் முதல் படமாக அதை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தச் சிவப்பில் பழகிய கண்ணுக்கு மற்றதெல்லாம் வெறும் வெள்ளைச் சுவராகத் தெரியும். அந்தத் தேவாலயத்தின் உயிரே அந்த வெள்ளையில்தான் இருக்கிறது.

1578-ல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபை இதைக் கையில் எடுத்தது. பீடங்களும் சிலைகளும் போயின, சுவர்கள் வெள்ளையாயின. ஒளி இங்கே ஒரு பக்கத்தில் விழுந்து அங்கேயே நிற்பதில்லை. தூணுக்குத் தூண் தாவி, நிழலுக்குள்ளும் போய் நிறைகிறது. இதை முதலில் கண்டுகொண்டவர் பீட்டர் சான்ரெடாம் என்ற ஓவியர். தேவாலயங்களுக்குள் உட்கார்ந்து, அளவெடுத்து, வரைந்த தேதியையும் தாளிலேயே குறித்து வைப்பார். ஓவியமாக முடிக்கச் சில சமயம் பத்து வருஷத்துக்கு மேலும் ஆகும். 1665-ல் அவரை அடக்கம் செய்ததும் இதே தேவாலயத்தில்தான். அவருடைய பாவோ ஓவியங்களை நன்றாகப் பார்த்துவிட்டுப் போங்கள். கண்மட்டக் கோடு தாழ்ந்திருக்கும், தூண்கள் நட்டுக்குத்தலாக நிற்கும், மனிதர்கள் சின்னதாக இருப்பார்கள். இதைவிட நல்ல பாடம் எந்தப் பயிலரங்கிலும் கிடைக்காது.

இந்த இடத்துக்குத் தனியாகப் போவதைவிட இன்னொரு ஒளிப்படக்காரரோடு போவது நல்லது. ஆனால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே படத்தை எடுத்தால் போனதற்குப் பயனில்லை. "நீ வடக்கு, நான் தெற்கு" என்று இடத்தைப் பிரிக்காதீர்கள், வேலையைப் பிரியுங்கள். ஒருவர் ட்ரைபாடும் 24 மி.மீ. அகலக்கோண லென்ஸும், மற்றவர் கையில் தூரத்தை இழுக்கும் 85 அல்லது 135 மி.மீ. லென்ஸ். ஒரு மணி நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். ட்ரைபாடுக்கு அனுமதி உண்டா என்று டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் அரிசி நிரப்பிய சின்னத் துணிப்பையை நாற்காலி முதுகில் வைத்து, அதன்மேல் கேமராவை அமர்த்தினால் அரை விநாடி வரை தாங்கும்.

பெரும்பாலும் தப்பாகப் போவது எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் விடும் ஒளியின் அளவுதான். படச்சட்டத்தை வெள்ளைச் சுவர் நிறைக்கும்போது கேமராவின் ஒளிமீட்டர் அதை நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். பளிச்சென்று இருந்த சுவர் படத்தில் அழுக்கு வேட்டிபோல வருவது இதனால்தான். எக்ஸ்போஷரை +1 அல்லது +1⅓ ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடம் வலப்பக்கம் சாயட்டும், ஓரத்தில் முட்டக் கூடாது. மேகமூட்ட நாளில் லென்ஸ் துளை எஃப்8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100 வைத்தால் ஷட்டர் ஒரு விநாடியைச் சுற்றி வரும். சன்னலுக்கும் தூணடி நிழலுக்கும் ஏழெட்டு ஸ்டாப் வித்தியாசம் இருக்கும், அதனால் இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து வையுங்கள். பிறகு சேர்க்கும்போது நிழலை முழுக்கத் தூக்கிவிடாதீர்கள். தூணின் ஒரு பக்கம் இருண்டால்தான் அது உருண்டை என்று கண்ணுக்குத் தெரியும். எச்டிஆர் போட்டுச் சமப்படுத்தினால் அட்டை வெட்டி ஒட்டியதுபோல ஆகிவிடும். நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் சன்னலோரம் நீலமும் பித்தளைத் தொங்கு விளக்கின் கீழே மஞ்சளும் ஒவ்வொரு படத்துக்கும் மாறும். 5200 கெல்வினில் நிறுத்தி, RAW கோப்பாக எடுங்கள்.

தூண்கள் உள்ளே சாய்ந்து விழுவதுபோல வருவது கேமராவை மேலே தூக்குவதால். கேமராவைச் சாய்க்காமலே லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால் கேமராவை ஒன்றரை மீட்டர் உயரத்தில் மட்டமாக வைத்து, அகலமாக எடுத்துக் கீழ்ப்பகுதியை வெட்டலாம். வெட்டுவதற்கு முன் ஒரு தடவை கீழே பாருங்கள். இந்தத் தேவாலயத்தின் தரை முழுவதும் கல்லறைக் கற்கள்.

ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸ் 1666-ல் இங்கேதான் புதைக்கப்பட்டார். 1829-க்குப் பிறகு நெதர்லாந்தில் தேவாலயத்துக்குள் அடக்கம் செய்வது நின்றுபோனது. அதுவரை நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கிய கற்கள் இவை. நேராக மேலிருந்து எடுத்தால் ஒன்றும் தெரியாது, வெறும் சாம்பல் பலகைதான். இங்கேதான் இரண்டாவது ஆள் வேண்டும். ஊழியரிடம் கேட்டுக்கொண்டு, ஒருவர் சின்ன எல்இடி டார்ச்சைத் தரையை ஒட்டிப் பிடிக்க வேண்டும். கல்லிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, 10 முதல் 15 டிகிரி சாய்வில். பக்கவாட்டு ஒளியில் எழுத்தின் நெடுங்கோடுகள் எழும்பும், தலைமாட்டிலிருந்து வரும் ஒளியில் குறுக்குக் கோடுகள். நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொன்று எடுங்கள். குலச்சின்னக் கேடயத்தின் ஓரம் மட்டும் மிஞ்சி, உள்ளே உளி கொத்திய தடம் தெரிகிற கல் கண்ணில் பட்டால் அங்கே நில்லுங்கள். நெதர்லாந்தின் 1795 புரட்சிக்குப் பிறகு நாடு முழுக்கக் குலச் சின்னங்களைச் செதுக்கி எடுக்கச் சொன்ன காலத்தின் காயமாக இருக்கலாம். டார்ச் கொஞ்சம் உயர்ந்தாலும் அந்தத் தடம் மறைந்துவிடும். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளிலும் இதே முறை வேலை செய்யும். அங்கே காலை ஏழு மணி வெயிலே டார்ச்.

ஒரு எச்சரிக்கை. சில கற்கள் ஆடும். பக்கத்துக் கல்லில் ஒருவர் நடந்தாலே ட்ரைபாடு கால் நடுங்கி, ஒரு விநாடிப் படம் கெட்டுவிடும். ஷட்டர் திறந்திருக்கும்போது கூட வந்தவர் அசையக் கூடாது.

வெயிலை நம்பிப் போகிறவர்கள் கணக்குப் பார்த்துப் போங்கள். டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 14 டிகிரிக்கு மேல் ஏறாது, உயரச் சன்னல் வழியே எதிர்த் தூண்வரை ஒளி நீளும். ஜூனில் 61 டிகிரி, ஒளி சன்னலடியிலேயே நின்றுவிடும். உச்சிப்பொழுது குளிர்காலத்தில் 12.40-ஐ ஒட்டி, கோடையில் 1.40-ஐ ஒட்டி. ஞாயிறு ஆராதனை நாள், அன்று வேண்டாம். அதே ஊரில் அதே பாவோ பெயரில் கத்தோலிக்கப் பேராலயம் ஒன்றும் இருக்கிறது. நீங்கள் போக வேண்டியது குரோட்டே மார்க்ட் சதுக்கத்தில் இருப்பது.

உள்ளே பீர் காய்ச்சுவோர் சங்கத்தின் சிற்றாலயத் தூணில், நெட்டையர் கஜானுஸின் உயரத்தையும் குள்ளர் சைமன் பாப்பின் உயரத்தையும் குறித்து வைத்திருக்கிறார்கள். கூட வந்தவரை அந்த இரண்டு கோடுகளுக்கும் பக்கத்தில் நிறுத்தி எடுங்கள்.

ஆர்கனுக்கு இப்போது வாருங்கள். அடியில் நின்று அண்ணாந்து எடுக்காதீர்கள். கிழக்கே, பாடகர் பகுதியின் பித்தளைக் கிராதி வரை பின்னால் போய், 85-ஐ மாட்டி, மையக் கோட்டில் நின்று, இரு பக்கமும் இரண்டு வெள்ளைத் தூண்களைச் சட்டத்துக்குள் விட்டு எடுங்கள்.