தண்ணியப் பத்தி ஒருத்தனாச்சும் கேளுங்கய்யா

கலர் மீன் கடைக்குப் போயி "அண்ணே, மீனு ஒரு மாதிரி இருக்குண்ணே"ன்னு சொன்னாப் போதும், நம்ம வாய மூடுறதுக்குள்ள கவுன்ட்டர் மேல ஒரு நீல மருந்து பாட்டில் வந்து உக்காந்துரும். தொட்டி எத்தன லிட்டரு, என்ன மீனு, குழாத் தண்ணியா போர் தண்ணியா, கடைசியா எப்ப மாத்துன, ஃபில்டர் ஓடுதா, ஒரு கேள்வி கிடையாது. "பத்து சொட்டு விடு தம்பி, சரியாப் போயிரும்." பத்து சொட்டு எதுக்குய்யா? அஞ்சு லிட்டர் கண்ணாடிக் குடுவைக்கும் பத்து சொட்டு, எங்க வீட்டு மூணடித் தொட்டிக்கும் பத்து சொட்டா? கல்லு மண்ணு போகவே நூறு லிட்டருக்கு மேல புடிக்கும் அது. புள்ளைக்குக் காச்சல்னு மெடிக்கல்ல போயி நின்னாக்கூட வயசு என்னன்னு கேட்டுட்டுத்தான் மருந்த எடுக்குறாய்ங்க.

இப்ப எதுக்கு இம்புட்டு எரிச்சல்னா, நான் வேலைக்குப் போயிருந்த நேரமாப் பாத்து எங்கம்மா, கண்ணாடில பாசி புடிச்சிருக்குன்னு கடைக்கு போன் போட்டு சர்வீஸ் பையன வரச் சொல்லிருச்சு. அவன் வந்தான், டியூப்ப விட்டு தண்ணி மொத்தத்தையும் உறிஞ்சி எடுத்தான், கல்லு பூராத்தையும் அன்னக்கூடைல அள்ளிட்டுப் போயி மாடிக் குழாய்ல அலசி வெயில்ல பரப்பிட்டான், ஃபில்டர் ஸ்பாஞ்ச சோப்புப் போட்டு, ஆமா சோப்புதான், வெள்ளை வெளேர்னு ஆகுற வரைக்கும் பிசைஞ்சு புழிஞ்சு மாட்டிட்டு, புதுத் தண்ணி ரொப்பி மீனத் தூக்கிப் போட்டுட்டு காச வாங்கிட்டுப் போயிட்டான். சாயங்காலம் வந்து பாக்குறேன், தொட்டி பளபளங்குது, அம்மாவுக்கு ஒரே பெருமை. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

அந்த ஸ்பாஞ்சுல வழவழன்னு பழுப்பா இருந்துச்சு பாருங்க, அதுதாங்க தொட்டியோட உசுரு. மீனு விடுற கழிவு, திங்காத தீனி எல்லாம் அமோனியாவா மாறும், அது வெசம். அத ஒரு பாக்டீரியாக் கூட்டம் நைட்ரைட்டா மாத்தும், அதுவும் வெசந்தான். இன்னொரு கூட்டம் அத நைட்ரேட்டா ஆக்கும், அது கொஞ்சம் சாது, வாரத்துக்கு ஒருக்கா கால்வாசித் தண்ணிய மாத்தி விட்டா சமாளிச்சுக்கலாம். இந்தக் கூட்டம் ரெண்டும் புதுத் தொட்டில குடியேறி செட்டாகவே நாலுல இருந்து ஆறு வாரம் புடிக்கும். பெரும்பாலும் அதுக தங்குறது ஸ்பாஞ்சுலயும் கல்லுலயுந்தான், தண்ணில இல்ல. ஒண்ணுல சோப்பப் போட்டு, இன்னொண்ண வெயில்ல காயவச்சு, சோலிய முடிச்சுட்டான் மகராசன். ஸ்பாஞ்ச தொட்டித் தண்ணியவே ஒரு பக்கெட்ல எடுத்து அதுல ரெண்டு தடவ அமுக்கிப் புழிஞ்சா வேலை முடிஞ்சது. இது தெரியாம என்ன சர்வீஸு?

அப்புறம் என்ன, மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. ஏஞ்சல் மீனுக்கு செவுளு ரத்தச் செவப்பா இருக்கு. கடைக்கு போன் போட்டா, "நோய் வந்துருச்சு தம்பி, நீல மருந்த ஊத்து"ங்கிறாரு. அண்ணே, நோயில்ல, அமோனியா ஏறியிருக்குன்னு சொல்றேன். "அமோனியாவா, அது ஐஸ் ஃபேக்டரில இருக்குறதுல்ல தம்பி"ங்கிறாரு. சிரிக்கிறதா அழுகுறதா? சரி, அமோனியா அளவு பாக்குற டெஸ்ட் கிட்டாச்சும் இருக்கான்னா, அதெல்லாம் இறால் பண்ணைக்காரங்க வாங்குறதாம். ஹீட்டர் இருக்கு, பல்லு வலிக்கிற கலர்ல ஜிகினாக் கல்லு இருக்கு, வாயத் தொறக்குற முதலை பொம்மை இருக்கு, கிட்டு கிடையாது.

நீல மருந்து மேல எனக்கொண்ணும் கோவம் இல்ல, அது மெத்திலின் ப்ளூ, முட்டைல பூஞ்சை புடிக்காம இருக்க, நோய்ப்பட்ட மீனத் தனி பக்கெட்ல வச்சு வைத்தியம் பாக்க, நல்ல சாமான்தான். ஆனா மெயின் தொட்டில ஊத்துனா ஃபில்டர்ல மிச்சம் மீதி ஒட்டிக்கிட்டிருக்குற பாக்டீரியாவையும் சேத்து வழிச்சுரும், செடி கருகும், ஓரத்துல போட்ட சிலிக்கான் காலத்துக்கும் நீலமா நிக்கும். அமோனியாவுல மூச்சு முட்டுற மீனுக்கு அத ஊத்தச் சொல்றதுக்குப் பேரு வைத்தியமா? அதுக்கு வேண்டியது தண்ணி. குளோரின் போன தண்ணி, கொஞ்சங் கொஞ்சமா, தெனமும்.

அதுலயும் நம்ம மதுரைத் தண்ணிக்கு இன்னொரு எடக்கு இருக்கு. எங்க தெரு போர் தண்ணிய பக்கெட்ல ரெண்டு நாள் வச்சா ஓரத்துல வெள்ளையா உப்புத் தோடு கட்டிரும், அம்புட்டு கடினத் தண்ணி, பிஎச்சும் (அமில கார அளவு) தூக்கல். பிஎச் ஏற ஏற, சூடு ஏற ஏற, அதே அளவு அமோனியா இன்னும் கொடூரமா வேலை பாக்கும். சித்திரைல ஃபேனப் போட்டாலும் தொட்டித் தண்ணி 30 டிகிரிக்குக் கொறைய மாட்டேங்குது, சூட்டுத் தண்ணில ஆக்சிஜனும் கம்மியாத்தான் நிக்கும், போதாக்கொறைக்கு கரண்டு போச்சுன்னா ஏர் பம்பும் போச்சு. இந்தத் தண்ணிக்கு கப்பி, மாலி, பிளாட்டி இதுகதான் அம்சமா இருக்கும். ஆனா கடைக்காரர் விக்கிறது கார்டினல் டெட்ரா, டிஸ்கஸ். அமேசான்ல உப்பே இல்லாத மெதுத் தண்ணில பொறந்த சாதி மீன, போர் தண்ணில விடச் சொல்லி குடுத்தனுப்புறாய்ங்க, அது செத்தா மறுபடி மருந்து, மறுபடி மீனு. யாவாரம் நல்லாத்தான் ஓடுது.

இந்த வெள்ளைப்புள்ளி நோய் இருக்கே, அதுல நடக்குற லந்து தனி. முன்னாடி ஒரு கடைல ப்ளாக் மாலி உடம்பு பூரா ரவைய இறைச்சு விட்டாப்ல வெள்ளைப் புள்ளி, கல்லுல போயி போயி உரசுது. என்னண்ணே இதுன்னா, "அது டால்மேஷன் மாலி தம்பி, வெலை கூட"ங்கிறாரு. யோவ், டால்மேஷன்னா வெள்ளைல கருப்புப் புள்ளிய்யா! அந்தத் தொட்டில விட்டு அலசுன வலைய அப்படியே உதறிக்கூட விடாம பக்கத்துத் தொட்டில விட்டு ஒரு ஆளுக்கு கப்பி புடிச்சுக் குடுக்குறாரு. சென்னை கொளத்தூர்ல இருந்து ராத்திரி பஸ்ல பாக்கெட் பாக்கெட்டா வந்து எறங்குற மீனு, நாலு நாளு தனியா வச்சுப் பாப்போம்னு கிடையாது, காலைல தொட்டில விட்டு சாயங்காலம் வித்துர்றது.

அதுக்கு மருந்து சொல்ற லட்சணம் அதுக்கும் மேல. "ரெண்டே நாள்ல புள்ளி போயிரும் தம்பி, போனதும் நிறுத்திரு." போகத்தான்யா செய்யும். நீ மருந்தே ஊத்தலைன்னாலும் போகும். அந்தப் புள்ளிய உண்டாக்குற ஒட்டுண்ணி மீன் தோலுக்குள்ள தின்னு கொழுத்து, தானா கழண்டு கீழ விழுந்து, கல்லுல ஒட்டி, ஒரு கூடு கட்டி, நூத்துக்கணக்குல குட்டி போட்டு, அந்தக் குட்டிக நீந்தி வந்து மறுபடி மீனப் புடிக்கும். தோலுக்குள்ள இருக்கையிலயும் கூட்டுக்குள்ள இருக்கையிலயும் எந்த மருந்தும் அத அசைக்காது, நீந்துற குட்டியத்தான் கொல்லும். புள்ளி மறைஞ்ச அன்னைக்கு மருந்த நிறுத்துனா, சரியா குட்டிக கெளம்புற நேரத்துல கதவத் தொறந்து விட்ட கணக்கு. அடுத்த வாரம் மீனு மொத்தமும் புள்ளி. "மருந்து பவர் பத்தல தம்பி, இத ஊத்து"ன்னு அடுத்த பாட்டில். மருந்து ஊத்துறப்ப ஃபில்டர்ல கரி இருந்தா எடுத்துருங்கன்னாவது சொல்றாய்ங்களா, அதுவும் இல்ல, கரி அம்புட்டு மருந்தையும் குடிச்சிரும்.

வாயில பஞ்சு மாதிரி வெள்ளையா இருந்தாலும் அவுகளுக்கு அது பூஞ்சைதான், இல்லைன்னா வெள்ளைப்புள்ளிதான். ஹீட்டரப் போட்டு சூட்ட ஏத்துங்கிறாய்ங்க. வெள்ளைப்புள்ளிக்கு சூடு கை குடுக்கும், சரி. ஆனா வாயில பஞ்சு முக்காவாசி காலம்னாரிஸ்ங்கிற பாக்டீரியா, சூடு ஏறுனா அது இன்னும் வெரசா மீன முடிச்சு விட்டுரும். ரெண்டுக்கும் வைத்தியம் நேரெதிரு. அடுத்து ஒரு மேதாவி, டெட்ராசைக்ளின் கேப்சூலப் பிச்சுத் தண்ணில கொட்டுன்னாரு. நம்ம தண்ணில இருக்குற கால்சியத்தோட அது போயி ஒட்டிக்கிச்சுன்னா மீனுக்குள்ள என்னத்த போகும்? தண்ணிதான் செம்பழுப்பாகும். ஆன்டிபயாட்டிக்க இப்படி சாக்கடைல ஊத்துறது வேற தனிக் கூத்து.

நாகப்பட்டினத்துல 2012லயே மீனுக்குன்னு தனியா ஒரு பல்கலைக்கழகமே வந்துருச்சு. இங்கிட்டு நம்ம ஊர்ல முப்பது ரூவா மீனு சொணங்குனா காட்டுறதுக்கு ஒரு ஆளு இல்ல, அந்தப் பாட்டில் பார்ட்டிகளத் தவிர.

இப்ப நெலவரம் என்னன்னா, டெட்ரா பூராம் போச்சு. ஏஞ்சல் ஒண்ணு ஓரமா நிக்குது, தீனியப் பாத்து திரும்புது ஆனா எடுக்கல. ஃப்ரெண்டு வீட்டுத் தொட்டில நல்லா ஊறிக்கெடந்த பழைய ஸ்பாஞ்ச வாங்கியாந்து மாட்டியிருக்கேன், தெனம் காலைல கால்வாசித் தண்ணி மாத்துறேன். இனிமே அந்த சர்வீஸ் பையன் வந்தா கேட்டத் தொறக்கக் கூடாதுன்னு அம்மாட்ட கண்டிஷனாச் சொல்லியிருக்கேன். அதுக்கு எங்கம்மா, "ஏன்டா, நல்ல பையன்டா அவன், செருப்பக்கூட வாசல்லயே கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள வந்தான்"ங்குது.